தண்ணீர் ஊற்றக் கூடாத தீ: டொரண்டோ கற்ற பாடமும் வீடுகளில் எஞ்சியுள்ள ஆபத்தும்

தீ என்றதும் தண்ணீரைத் தேடுவதும், தரையில் ஏதேனும் சிந்திவிட்டால் அதைக் கழுவித் தள்ளுவதும் மனிதரின் பழக்கம். ஆனால் தண்ணீர் பட்டவுடன் தீயைப் பெருக்கும், அல்லது உயிரைப் பறிக்கும் வாயுவை வெளியிடும் திடப்பொருட்கள் பல உள்ளன. இவை உலகெங்கும் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் நாள்தோறும் எடுத்துச் செல்லப்படுகின்றன. இவற்றைப் பொறுத்தவரை, உதவிக்கு விரைந்து வருபவரின் முதல் செயலே பேரழிவின் தொடக்கமாகிவிடக் கூடும்.

கனடாவின் டொரண்டோ பெருநகரப் பகுதி இந்த ஆபத்தை நன்கறிந்த பகுதி. தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பகுதியில் 1964ஆம் ஆண்டு முதல் ஒரு பெரிய சரக்கு ரயில் நிலையம் இயங்கி வருகிறது. வட அமெரிக்காவின் மிகவும் நெரிசலான சாலைகளில் ஒன்றான 401ஆம் இலக்க நெடுஞ்சாலை குடியிருப்புகளுக்கு நடுவே செல்கிறது. இத்தகைய இடங்களில் நேரும் விபத்துகளை எதிர்கொள்வதற்கு, கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடா ஒரு விரிவான ஏற்பாட்டை உருவாக்கியுள்ளது.

அந்த ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. தண்ணீரைப் பாய்ச்சுவதற்கு முன்னர் அங்கே இருப்பது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இந்த ஏற்பாடு லாரிக்கும் ரயிலுக்கும் உள்ளதே தவிர வீடுகளுக்கு இல்லை. அண்மைக் கால உயிரிழப்புகள் சில இந்த இடைவெளியிலேயே நேர்ந்துள்ளன.

தண்ணீர் பட்டால் என்ன நிகழ்கிறது?

சுண்ணாம்பு நீற்றுவதைக் கண்டவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியல்ல. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் இட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கும். அடுப்பு எதுவும் இல்லாமலேயே அந்த வெப்பம் பிறக்கிறது. கல்லும் நீரும் இணையும் வேதிவினையே அதற்குக் காரணம்.

சுண்ணாம்பில் வெப்பம் மட்டுமே வெளிப்படுகிறது. வேறு சில பொருட்களில் வெப்பத்துடன் வாயுவும் வெளிப்படுகிறது. அந்த வாயு எது என்பதைப் பொறுத்தே ஆபத்தின் தன்மை அமையும்.

முதலாவது வகை சோடியம், பொட்டாசியம், லித்தியம் போன்ற உலோகங்கள். இவை தண்ணீரைச் சிதைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகின்றன. வினையில் பிறக்கும் வெப்பமே அந்த ஹைட்ரஜனைப் பற்றவைக்கப் போதுமானதாக இருக்கலாம். எஞ்சும் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் கடுமையான காரம். எரிந்துகொண்டிருக்கும் மெக்னீசியமும் அலுமினியத் தூளும் இதே போன்று தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்து மேலும் வேகமாக எரியும்.

இரண்டாவது வகைக்கு உதாரணம், தமிழ்நாட்டில் மாம்பழம் பழுக்க வைக்கும் 'கல்' என்று பேசப்படும் கால்சியம் கார்பைட். பழங்களைப் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. இது தண்ணீருடன் சேர்ந்தால் அசெட்டிலீன் வாயு உண்டாகிறது. பற்றவைப்புப் பட்டறைகளில் உலோகத்தை உருக்குவதும், முன்னாளில் கார்பைட் விளக்குகளில் எரிந்ததும் இந்த வாயுதான். காற்றில் ஏறத்தாழ 2.5 சதவீதம் கலந்திருந்தாலே இது வெடிக்கக் கூடியது.

மூன்றாவது வகையே மிகவும் வஞ்சகமானது. அலுமினியம் பாஸ்பைடு, மெக்னீசியம் பாஸ்பைடு போன்றவை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. இந்த வாயு தீப்பிடிக்கவும் செய்யும், மூச்சில் கலந்தால் கொல்லவும் செய்யும். இதற்கு முறிமருந்து கிடையாது. தானியக் கிடங்குகளில் வண்டுகளையும் எலிகளையும் அழிப்பதற்காக உலகெங்கும் பயன்படுத்தப்படும் மாத்திரைகளில் இருப்பது இந்த அலுமினியம் பாஸ்பைடுதான். வினை புரிய ஊற்றும் தண்ணீர் கூடத் தேவையில்லை. காற்றில் உள்ள ஈரப்பதமே போதும்.

மிஸ்ஸிசாகாவில் நடந்தது என்ன?

1979ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் வேளையில், டொரண்டோவை ஒட்டியுள்ள மிஸ்ஸிசாகா நகரில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. 106 பெட்டிகளைக் கொண்டிருந்த அந்த ரயிலில் 24 பெட்டிகள் கவிழ்ந்தன. அச்சுத் தாங்கி ஒன்று அளவுக்கு மீறிச் சூடேறியதே விபத்துக்குக் காரணம். புரொப்பேன் பெட்டிகள் வெடித்தன. ஏறத்தாழ 90 டன் குளோரின் கொண்ட பெட்டி ஒன்று உடைந்து கசிந்தது.

இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வெளியேற்றப்பட்டனர். சிலர் வீடு திரும்ப ஆறு நாட்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனினும் ஒருவர் கூட இறக்கவில்லை.

மிஸ்ஸிசாகாவில் கசிந்தது திடப்பொருள் அல்ல. ஆயினும் அந்த இரவு எழுப்பிய கேள்வி எல்லா அபாயப் பொருட்களுக்கும் பொருந்துவதாக இருந்தது. எரிந்துகொண்டிருக்கும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? அதை அறியாமல் எங்கே தண்ணீர் அடிப்பது, எதை எரியவிடுவது, எவ்வளவு தூரம் மக்களை அகற்றுவது என்று எவராலும் முடிவு செய்ய இயலாது.

அடுத்த ஆண்டே, அதாவது 1980இல், அபாயகரமான பொருட்களை எடுத்துச் செல்வது தொடர்பான சட்டத்தைக் கனேடிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பின்னர் 1992ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 'கேனுடெக்' என்று அழைக்கப்படும் கனேடியப் போக்குவரத்து அவசரகால மையமும் 1979ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தலைநகர் ஒட்டாவாவில் உள்ள இந்த மையத்தில் வேதியியல் அறிந்தவர்கள் 24 மணி நேரமும் பணியில் இருக்கின்றனர். விபத்து நடந்த இடத்தில் நிற்கும் தீயணைப்பு அதிகாரி, பொருளின் பெயரையோ எண்ணையோ தொலைபேசியில் சொன்னால், அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அவர்கள் விளக்குவார்கள்.

நீல நிறச் சதுரமும் நான்கு இலக்க எண்ணும்

அபாயகரமான பொருட்களை ஐக்கிய நாடுகள் அமைப்பின் முறைமை ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கிறது. தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை வெளியிடும் பொருட்கள் 4.3 என்ற பிரிவில் வருகின்றன. இவற்றை ஏற்றிய வாகனத்தில், முனையில் நிற்கும் நீல நிறச் சதுரம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். மேலே தீச்சுடரின் படமும் கீழே 4 என்ற எண்ணும் காணப்படும். வழக்கமாகத் தீயைக் குறிக்கும் சிவப்பு நிறத்துக்கு மாறாக இங்கே நீல நிறம் பயன்படுத்தப்படுவதே எச்சரிக்கை.

இத்துடன் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க ஐ.நா. எண் ஒன்று உண்டு. கால்சியம் கார்பைடுக்கு 1402, சோடியத்துக்கு 1428, அலுமினியம் பாஸ்பைடுக்கு 1397. வாகனத்தில் உள்ள சரக்கு ஆவணத்திலும் இந்த எண் இடம்பெற வேண்டும்.

கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டி நூல் ஒன்றை வட அமெரிக்கத் தீயணைப்பு வாகனங்களில் காணலாம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும் இந்த நூலின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், மஞ்சள் பக்கங்களில் எண்ணைக் கொண்டும், நீலப் பக்கங்களில் பெயரைக் கொண்டும் பொருளைத் தேடலாம். அவை ஆரஞ்சுப் பக்கங்களில் உள்ள ஒரு வழிகாட்டிக் குறிப்புக்கு இட்டுச் செல்லும். சோடியத்துக்கும் கார்பைடுக்கும் 138ஆவது குறிப்பு. அலுமினியம் பாஸ்பைடு போன்று தீயும் நஞ்சும் சேர்ந்தே வரும் பொருட்களுக்கு 139ஆவது குறிப்பு. தண்ணீர் பட்டால் நச்சு வாயுவை வெளியிடும் பொருட்களுக்கெனப் பச்சைப் பக்கங்களில் தனியே ஒரு பட்டியலும் உள்ளது.

எண் தெரியாமல் நீலச் சதுரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் 139ஆவது குறிப்பையே பின்பற்றுமாறு நூல் கூறுகிறது. அறியாத நிலையில் கூடுதல் ஆபத்தை ஊகித்துச் செயல்படுவதே பாதுகாப்பானது என்பதே இதன் பின்னால் உள்ள சிந்தனை.

தண்ணீர் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

138, 139 ஆகிய இரு குறிப்புகளிலும் தண்ணீர், நுரை ஆகிய இரண்டுமே கூடாது என்று பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டுள்ளது. நுரையின் பெரும்பகுதியும் தண்ணீரே என்பதால் இந்தத் தடை.

திடப்பொருள் சிந்தியிருந்தால் சுற்றிலும் குறைந்தது 25 மீட்டர் தூரத்துக்கு எவரையும் நெருங்க விடக் கூடாது. தொட்டி வண்டியோ ரயில் பெட்டியோ தீப்பற்றியிருந்தால் அந்தத் தூரம் 800 மீட்டர். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகவே அணுக வேண்டும். பள்ளமான இடங்களைத் தவிர்க்க வேண்டும். ஏனெனில் பாஸ்பீன் போன்ற வாயுக்கள் காற்றை விடக் கனமானவை. அவை தாழ்வான இடங்களில் தேங்கும்.

சிறிய தீயை உலர் இரசாயனத் தூள், சோடா ஆஷ், சுண்ணாம்பு அல்லது மணல் கொண்டு மூடி அணைக்கலாம். இங்கே மணல் உலர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஈர மணல் என்பது தண்ணீரையே அள்ளிப் போடுவதற்குச் சமம். உலோகங்கள் எரியும்போது சாதாரண உப்புத் தூள், கிராபைட் தூள் போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. இவை உலோகத்தின் மேல் படிந்து காற்றைத் தடுக்கின்றன.

தீ பெரிதாக இருந்தால், பின்வாங்கி அதை எரியவிடுவதும் வழிகாட்டி நூல் ஏற்றுக்கொண்ட ஒரு வழிதான். தீயணைப்பு வீரர்கள் கைகட்டி நிற்பதாக வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே மேவூட் என்னும் இடத்தில் உலோக மறுசுழற்சிக் கூடம் தீப்பற்றியபோது, எரியும் மெக்னீசியத்தின் மீது தண்ணீர் பட்டதும் பெரும் வெடிப்புகள் நிகழ்ந்தன. காத்திருப்பது ஏன் உயிர் காக்கும் முடிவாகிறது என்பதற்கு அந்தக் காட்சிகள் சான்று.

தீப்பிடிக்காமல் தூள் மட்டும் சிந்தியிருந்தால், அதைப் பிளாஸ்டிக் விரிப்பு அல்லது தார்ப்பாய் கொண்டு மூட வேண்டும். தூள் பரவாமல் இருப்பதும் மழையில் நனையாமல் இருப்பதும் இதன் நோக்கங்கள். மழையும் உருகும் பனியும் மிகுந்த டொரண்டோ போன்ற நகரில் வானிலை அறிக்கையும் மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

தண்ணீர் தேவைப்படும் இடங்கள்

தண்ணீர் எப்போதுமே கூடாது என்று இதைப் புரிந்துகொள்வதும் தவறு.

தோலில் இத்தகைய பொருள் பட்டுவிட்டால் முதலில் அதை உடனடியாகத் துடைத்தெடுக்க வேண்டும். அதன் பின்னர் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். பொருள் தோலில் இருக்கும்போதே சிறிதளவு தண்ணீர் ஊற்றினால் வினை தோலின் மீதே நடக்கும். துடைத்த பின்னர் ஏராளமான தண்ணீர் ஊற்றுவதோ எஞ்சியதை அடித்துச் செல்லும். முதலில் துடைப்பது, பிறகு கழுவுவது என்ற வரிசை மாறக் கூடாது.

தீக்கு அருகே உள்ள மூடிய கலன்களின் வெளிப்புறத்தைக் குளிர்விப்பதற்கும் தண்ணீர் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் ஒரு துளி கூட உள்ளே செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கலங்கள் குறித்து நிலவும் குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி டொரண்டோவின் ஷெப்பர்ட்-யங் சுரங்க ரயில் நிலையத்தில், ரயிலுக்குள் இருந்த மின்சார மிதிவண்டி ஒன்று தீப்பிடித்து எரிந்தது. இத்தகைய வண்டிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் இருப்பவை லித்தியம்-அயன் மின்கலங்கள். பெயரில் லித்தியம் இருந்தாலும் அவற்றில் லித்தியம் உலோக வடிவில் இருப்பதில்லை. எனவே அவற்றின் தீயைக் குளிர்விக்கத் தண்ணீரை ஏராளமாகப் பயன்படுத்தலாம் என்றே வழிகாட்டி நூல் கூறுகிறது.

லித்தியம் உலோகத்தைக் கொண்ட மின்கலங்களின் நிலை வேறு. அவை 138ஆவது குறிப்பின் கீழ் வருகின்றன. தென்கொரியாவின் ஹ்வாசியோங் நகரில் 2024ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி இத்தகைய மின்கலங்களைத் தயாரிக்கும் ஆலை தீப்பற்றியதில் 23 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் 18 பேர் வெளிநாட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். அங்கே தீயை வழக்கமான முறையில் தண்ணீர் கொண்டு அணைப்பது கடினமாக இருந்தது. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் பொருள் வேறு, முறையும் வேறு.

தகவல் கிடைக்காதபோது

சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி நிகழ்ந்த வெடிப்புகளில் 165 பேர் உயிரிழந்தனர். எட்டுப் பேர் காணாமல் போயினர். இறந்தவர்களில் பெரும்பான்மையினர் தீயணைப்பு வீரர்கள். அந்தக் கிடங்கில் பல வகையான இரசாயனங்கள் அனுமதிக்கப்பட்ட அளவை மீறிக் குவிக்கப்பட்டிருந்தன. கார்பைட் மீது தண்ணீர் பட்டதே வெடிப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. காய்ந்து சூடேறிய நைட்ரோசெல்லுலோஸ் தானாகத் தீப்பற்றியதே தொடக்கம் என்று அரசு விசாரணை பின்னர் முடிவு செய்தது.

காரணம் எதுவாயினும், எரியும் கிடங்குக்குள் எங்கே என்ன இருக்கிறது என்ற தெளிவான தகவல் இல்லாமலேயே அந்த வீரர்கள் அனுப்பப்பட்டனர். கனேடிய ஏற்பாடு முழுவதும் தவிர்க்க முயல்வது இந்த நிலையைத்தான்.

தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் கட்டப்பட்டுள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலை இதற்கு நேர்மாறான ஒரு நிலையைக் காட்டுகிறது. அங்கே குளிர்விப்பானாகப் பயன்படுவதற்கு 1,700 டன்னுக்கும் அதிகமான சோடியம் தேவைப்படுகிறது. காற்றிலும் தண்ணீரிலும் எரியக் கூடிய ஓர் உலோகத்தை இவ்வளவு பெரிய அளவில் கையாள முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அங்குள்ள ஒவ்வொருவருக்கும் அது சோடியம் என்பது தெரியும் என்பதே. பொருள் அறியப்பட்ட இடத்தில் உலர் தூளும் பயிற்சியும் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

நீலச் சதுரம் ஒட்டப்படாத வீடு

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள ஃபோர்ட் மெக்முரே நகரில், மூட்டைப்பூச்சிகளை ஒழிப்பதற்காகப் பாகிஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்ட மாத்திரைகளை ஒரு குடும்பம் தமது குடியிருப்பில் வைத்தது. அவற்றிலிருந்து வெளியான பாஸ்பீன் வாயுவால் அந்த வீட்டின் ஐந்து குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எட்டு மாதக் குழந்தை உட்பட இருவர் உயிரிழந்தனர்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தில் உள்ள அமரில்லோ நகரில் நடந்தது இன்னும் நேரடியான உதாரணம். ஒரு வீட்டின் அடியில் போடப்பட்டிருந்த அலுமினியம் பாஸ்பைடின் நெடியைத் தாங்க முடியாமல், அதைக் கழுவிவிடும் எண்ணத்தில் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. தண்ணீர் பட்டதும் பாஸ்பீன் பெருமளவில் வெளியேறியது. நான்கு குழந்தைகள் இறந்தனர். கார்பன் மோனாக்சைடு நச்சு என்று கருதியே மீட்புப் பணியாளர்கள் முதலில் செயல்பட்டனர். அந்த மருந்து பயிற்சி பெற்ற, உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டியது.

2024ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில், எலிகளை ஒழிப்பதற்காக வீட்டுக்குள் வைக்கப்பட்ட மருந்தின் நெடியைச் சுவாசித்து இரு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மூன்று நாடுகளில் நடந்த மூன்று சம்பவங்களிலும் பலியானவர்கள் குழந்தைகளே.

ஒரு சிறு கணக்கு இந்த ஆபத்தின் அளவைப் புலப்படுத்தும். மூன்று கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை சுமார் ஒரு கிராம் பாஸ்பீனை வெளியிடும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட அடைத்த அறையில் மூன்று மாத்திரைகள் முழுமையாக வினை புரிந்தால், காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 70 பங்கு பாஸ்பீன் இருக்கும். பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது.

பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ வீசினால் அது பாஸ்பீனாக இருக்கலாம். ஆனால் மூக்கை நம்பக் கூடாது. அந்த நாற்றம் பெரும்பாலும் உடன் கலந்துள்ள வேறு பொருட்களிலிருந்து வருவது. தூய பாஸ்பீனுக்கு மணம் இல்லை. வாந்தி, தலைவலி, மயக்கம், மூச்சுத் திணறல் ஆகிய அறிகுறிகள் உணவு நஞ்சாவது போலவோ காய்ச்சல் போலவோ தோன்றக் கூடும். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் இந்த அறிகுறிகள் தென்பட்டால் வாயுவைச் சந்தேகிக்க வேண்டும்.

டொரண்டோ தமிழர்களுக்கு இதில் என்ன?

டொரண்டோ பெருநகரப் பகுதியில் தெற்காசியாவுக்கு வெளியே வாழும் மிகப் பெரிய தமிழ்ச் சமூகங்களில் ஒன்று வாழ்கிறது. ஊருக்குச் சென்று திரும்புவோர் பெட்டிகளில் மிளகாய்த் தூளும் கருவாடும் மட்டுமன்றி, 'ஊர் மருந்து நன்றாக வேலை செய்யும்' என்ற நம்பிக்கையில் பூச்சி மருந்துகளையும் கொண்டுவருவது உண்டு. மூட்டைப்பூச்சித் தொல்லை டொரண்டோவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவலானது. பேஸ்மென்ட் என்று அழைக்கப்படும் நிலத்தடிக் குடியிருப்புகளிலும் பலர் வசிக்கின்றனர். குளிர்காலத்தில் எல்லாச் சாளரங்களும் மூடப்பட்டிருக்கும். காற்றை விடக் கனமான வாயுவுக்கு இதை விட வசதியான இடம் வேறில்லை.

கனேடியச் சட்டப்படி, பாஸ்பீனை வெளியிடும் பூச்சிக்கொல்லிகளைச் சான்றிதழ் பெற்ற பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். வீட்டு உபயோகத்துக்கு அவை அனுமதிக்கப்படவில்லை. கனடாவில் பதிவு செய்யப்படாத பூச்சிக்கொல்லிகளைக் கொண்டுவருவதும் சட்டவிரோதம். இந்தியாவிலும் அலுமினியம் பாஸ்பைடின் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆயினும் தடைகளை மீறி அது கைமாறுவதை மேற்கூறிய மரணங்கள் காட்டுகின்றன.

இத்தகைய மாத்திரையோ தூளோ வீட்டில் இருப்பது தெரியவந்தால், முதலில் செய்ய வேண்டியது அனைவரும் வெளியேறுவதே. அதைத் தொடவோ, கூட்டிப் பெருக்கவோ, ஈரத் துணியால் துடைக்கவோ, கழிவறையில் கொட்டிக் கழுவவோ கூடாது. வெளியே வந்த பின்னர் அவசர உதவியை அழைக்க வேண்டும். கனடாவில் 911, இந்தியாவில் 112, இலங்கையில் தீயணைப்புச் சேவைக்கு 110. கனடாவில் நச்சுத் தகவல் மையங்களை 1-844-764-7669 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

அழைக்கும்போது சொல்ல வேண்டிய மிக முக்கியமான தகவல், மருந்தின் பெயர். பெயர் தெரியாவிட்டால் எந்த நாட்டிலிருந்து வந்தது, எதற்காக வாங்கப்பட்டது, மாத்திரையா தூளா, எப்போது, எங்கே வைக்கப்பட்டது, தண்ணீர் பட்டதா என்பவற்றைச் சொல்ல வேண்டும். சட்டவிரோதமாகக் கொண்டுவந்தது என்ற அச்சத்தில் இதை மறைப்பது வீட்டில் உள்ளவர்களை மட்டுமன்றி, உதவிக்கு வருபவர்களையும் பாதிக்கும். மாத்திரையை விழுங்கியவரின் வாந்தியிலிருந்தும் பாஸ்பீன் வெளியேறும் என்பதால், சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களும் தாதியரும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

மிஸ்ஸிசாகா விபத்துக்குப் பின்னர் கனடா உருவாக்கிய ஏற்பாடு, சரக்கு ஏற்றுபவரும் ஓட்டுநரும் 'இதுதான் உள்ளே இருக்கிறது' என்று உண்மையாக எழுதி ஒட்டுவதை நம்பியே இயங்குகிறது. தீயணைப்பு வீரர் அந்த நீலச் சதுரத்தைப் பார்த்துத்தான் தண்ணீர்க் குழாயைத் தாழ்த்துகிறார். வீட்டில் அந்தச் சதுரம் இல்லை. அங்கே அதன் வேலையைச் செய்யக் கூடியது, தொலைபேசியில் உண்மையைச் சொல்லும் குடும்ப உறுப்பினரின் குரல் மட்டுமே.